வேலைக்கு சைக்கிள்ல போறவங்களுக்கு வரிச் சலுகை இருக்கா? பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

மலேசியாவுல சிலாங்கூர் மாநிலத்துல இருக்கற நம்ம ஊருக்கு பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாத்தியாச்சு, ஆனா நம்மாளுங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்க சுத்தி இருக்கற எஸ்டேட்டு, செம்பனை (எண்ணெய்ப் பனை) மில்லு, கடை, ஆபீஸ்னு வேலை செய்யறவங்கள்ல இன்னும் எத்தனையோ பேரு சைக்கிள் மிதிச்சுதான் போறாங்க. வருஷா வருஷம் வருமான வரி பாரம் (ஃபார்ம்) ரொப்ப உதவி கேட்டு வர்றவங்க சைக்கிள் பத்தி ஏதாவது ஒண்ணு கேக்காம போறதில்ல, அதுக்கெல்லாம் ஒரே இடத்துல பதில் இருக்கட்டும்னு இத எழுதறேன்.

சைக்கிள்ல வேலைக்குப் போறேன், அதுக்குன்னு வரியில ஏதாச்சும் கழிப்பாங்களா?

நேரடியா சொல்லிடறேன், மலேசியாவுல அப்படி ஒரு சலுகை இல்ல. வீட்ல இருந்து வேலை இடத்துக்குப் போய் வர்ற செலவு உங்க சொந்த செலவுன்னுதான் வரிச் சட்டம் பாக்குது, காரா இருந்தாலும் மோட்டரா (மோட்டர் சைக்கிள்) இருந்தாலும் பஸ்ஸா இருந்தாலும் சைக்கிளா இருந்தாலும் அதேதான். நடுவுல ஒரு சமயம் வீட்டுக்கும் வேலைக்கும் போய் வர முதலாளி குடுக்கற பெட்ரோல் காசு, பயண அலவன்ஸ்ல வருஷத்துக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் வரி கிடையாதுன்னு வச்சிருந்தாங்க, அது 2008ல இருந்து 2010 வரி ஆண்டு வரைக்கும்தான், அப்புறம் எடுத்துட்டாங்க. இன்னமும் சில பேரு அது இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, இல்ல.

ஆனா சைக்கிள் வச்சிருக்கறவங்களுக்கு உதவற சங்கதி வேற ரூபத்துல ரெண்டு மூணு இருக்கு. சைக்கிள் வாங்கினதுக்கு ஒரு கழிவு இருக்கு, முதலாளி குடுக்கறதுல சிலதுக்கு விலக்கு இருக்கு, எல்லாத்தையும் விட முக்கியமா, வேலை விபத்துல அடிபட்டா உதவற சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) இருக்கு. நம்ம ஊரு ஆளுங்களுக்கு எது நிஜமா பிரயோஜனம்னு கேட்டா நான் சொக்சோவத்தான் முதல்ல சொல்வேன், ஏன்னு கீழ வருது.

வெளிநாட்டுல சைக்கிள்ல போறவங்களுக்கு காசு குடுக்கறாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?

உண்மைதான், ஆனா அது அந்தந்த நாட்டு சட்டம், நம்ம பாரத்துல அதப் போட முடியாது.

அமெரிக்காவுல 2009ல இருந்து சைக்கிள்ல வேலைக்கு வர்றவங்களுக்கு முதலாளி மாசம் 20 டாலர் வரைக்கும் திருப்பிக் குடுக்கலாம், அதுக்கு வரி இல்லன்னு இருந்துச்சு. 2017ல வந்த வரிச் சட்டத்துனால 2018ல இருந்து அத நிறுத்தி வச்சாங்க, 2025ல ஒரேயடியா எடுத்துட்டாங்க. இப்ப அங்க முதலாளி குடுத்தாலும் அது சம்பளம் மாதிரி வரிக்கு வந்துடும். அதனால வாட்ஸ்அப்ல வர்ற அந்த 20 டாலர் கதை பழைய கதை.

இங்கிலாந்துல 1999ல இருந்து ஒரு திட்டம் ஓடுது, கம்பெனி சைக்கிள வாங்கி தொழிலாளிக்கு வாடகைக்கு விடுது, அந்த வாடகைய வரி பிடிக்கறதுக்கு முன்னாடியே சம்பளத்துல இருந்து எடுத்துக்கறாங்க, அதுல வரியும் அவங்க ஊரு சமூகக் காப்புறுதிக் காசும் மிச்சமாகுது. பெல்ஜியத்துல வேற மாதிரி, சைக்கிள்ல எத்தனை கிலோமீட்டர் வேலைக்கு வந்தீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி முதலாளி காசு குடுக்கறாரு, ஒரு அளவு வரைக்கும் அதுக்கு வரி கிடையாது. எனக்கு இந்த பெல்ஜியம் முறைதான் நல்லதாப் படுது, ஏன்னா புது சைக்கிள் வாங்க காசு இருக்கறவனுக்கு மட்டும் இல்லாம, பழைய சைக்கிள தினமும் மிதிக்கறவனுக்கும் அது போய்ச் சேருது.

சரி, நம்ம நாட்டுல புது சைக்கிள் வாங்கினா கிளைம் பண்ணலாமா?

பண்ணலாம். விளையாட்டு சாமான் கழிவுன்னு ஒண்ணு இருக்கு, 2024 வரி ஆண்டுல இருந்து அது தனியா வருஷத்துக்கு 1,000 வெள்ளி வரைக்கும். அதுக்கு முன்னாடி புக்கு, கம்ப்யூட்டர், இன்டர்நெட்டு எல்லாம் இருக்கற 2,500 வெள்ளி கழிவுக்குள்ளயே இதுவும் இருந்துச்சு, அதுக்கும் முன்னாடி 300 வெள்ளிதான். 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்துல இருக்கற விளையாட்டுக்கான சாமான்னு எழுதியிருக்கு, அந்தச் சட்டத்தோட பட்டியல்ல சைக்கிளோட்டமும் இருக்கு, அதனால சைக்கிள் இதுல வரும்.

ஒண்ணு கவனிக்கணும். இது விளையாட்டுக்குன்னு குடுக்கற கழிவு, வேலைக்குப் போறதுக்குன்னு இல்ல. நீங்க ஞாயித்துக்கிழமை ஈஜோக் வரைக்கும் ஒரு ரவுண்டு போறீங்க, உடம்புக்கு நல்லதுன்னு ஓட்டறீங்க, அதே சைக்கிள்ல வேலைக்கும் போறீங்கன்னா மனசு உறுத்தாம கிளைம் பண்ணுங்க. குடும்பத்துல யாரும் அப்படி ஓட்டப் போறதே இல்லன்னா அதுல போடாதீங்க.

விளையாட்டு உடுப்பு, சப்பாத்து இதெல்லாம் சேராது. அதே 1,000 வெள்ளிக்குள்ளதான் ஜிம் கட்டணம், பேட்மிண்டன் கோர்ட் வாடகை, போட்டிக்குப் பேர் குடுக்கற காசு எல்லாம் வரும், போட்டின்னா விளையாட்டு ஆணையர்கிட்ட அனுமதி வாங்கினவங்க நடத்தினதா இருக்கணும்.

பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து ஓட்ட வாங்கிக் குடுத்த சைக்கிள்?

உங்க பேர்லயோ, வீட்டுக்காரர் வீட்டுக்காரி பேர்லயோ, பிள்ளைக்கோ வாங்கினது சேரும். 2025 வரி ஆண்டுல இருந்து அம்மா அப்பாவுக்கு வாங்கினாலும் சேரும். எல்லாம் சேத்துதான் 1,000 வெள்ளி, ஆளுக்கு 1,000 இல்ல.

எலக்ட்ரிக் சைக்கிள் அண்ணே?

சேராது தம்பி. மோட்டார் வச்ச ரெண்டு சக்கர சைக்கிள் கிடையாதுன்னு அந்தக் கழிவுலயே எழுதி வச்சிருக்காங்க. கடைக்காரரு கிளைம் பண்ணிக்கலாம்னு சொல்லி வித்தாலும் நம்பாதீங்க.

1,000 வெள்ளி கிளைம் பண்ணா 1,000 வெள்ளி கையில வருமா?

இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. கழிவுங்கறது வரி போடற வருமானத்துல இருந்து கழிக்கறது, வரியில இருந்து இல்ல. நீங்க எந்தப் படியில நிக்கறீங்களோ அந்த சதவீதம்தான் மிச்சம்.

வரி போடற வருமானம் 20,000ல இருந்து 35,000 வரைக்கும் உள்ள படிக்கு 3 சதவீதம், 35,000ல இருந்து 50,000 வரைக்கும் 6, அதுக்கு மேல 70,000 வரைக்கும் 11. மில்லுல டெக்னீஷியன், மாசம் 4,500 வெள்ளி, வருஷத்துக்கு 54,000ன்னு வச்சுக்குங்க. சொந்தக் கழிவு 9,000, ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) 4,000, சொக்சோ 350 போனா மிச்சம் 40,650. அவரு 900 வெள்ளிக்கு சைக்கிள் வாங்கி கிளைம் பண்ணா 6 சதவீதப்படி 54 வெள்ளி மிச்சம். அவ்வளவுதான். ஒரு டயரும் டியூபும் மாத்தற காசு, வேணாம்னு சொல்லல, ஆனா அதுக்காகவே போய் சைக்கிள் வாங்காதீங்க.

ஒரே ஒரு இடத்துல மட்டும் இந்தக் கழிவு பெருசா வேலை செய்யும், இத கொஞ்சம் நல்லா கவனிங்க. வரி போடற வருமானம் 35,000 வெள்ளிக்குள்ள இருந்தா 400 வெள்ளி தள்ளுபடி தர்றாங்க, இது வரியிலயே நேரா கழியும். ஒருத்தருக்கு எல்லாம் கழிச்சு 35,500 நிக்குதுன்னு வைங்க, அவருக்கு வரி 630 வெள்ளி. சைக்கிளுக்கு 1,000 கழிச்சா 34,500 ஆகுது, வரி 585, அதுல தள்ளுபடி 400 போனா 185தான் கட்டணும். 445 வெள்ளி மிச்சம். 35,000த்த கொஞ்சமா தாண்டி நிக்கறவங்க பாரத்த அனுப்பறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து ரெசிட்டு எல்லாத்தையும் ஒரு தடவ தேடிப் பாருங்க, சைக்கிள் மட்டும் இல்ல, பிள்ளைக்கு வாங்கின பேட்மிண்டன் ராக்கெட்டு, பந்து கூட உங்கள அந்தக் கோட்டுக்குக் கீழ இறக்கி விட்டுடும்.

எனக்கு அடிப்படைச் சம்பளம்தான், மாசம் 1,700. எனக்கு என்ன கிடைக்கும்?

வரியில ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா நீங்க வரி கட்டவே வேண்டியதில்ல. 1,700 வெள்ளின்னா வருஷத்துக்கு 20,400, அதுல 9,000மும் ஈபிஎஃப் 2,244ம் போனா 9,156 நிக்கும், அதுக்கு வரி 41 வெள்ளி சொச்சம், 400 வெள்ளி தள்ளுபடியில அதுவும் பூஜ்யமாயிடும். ஈபிஎஃப் போக வருஷ வருமானம் 37,333 வெள்ளி, அதாவது மாசம் சுமாரா 3,111 வெள்ளி தாண்டினாதான் வரி ஃபைலே திறக்கணும்.

எனக்கு இந்த விஷயத்துல மனசு ஆறாம இருக்கறது இதுதான். 4,000 வெள்ளிக்கு ரோட் பைக் வாங்கி ஞாயித்துக்கிழமை ஓட்டறவருக்கு 110 வெள்ளியோ அதுக்கு மேலயோ மிச்சம் ஆகுது, தினமும் இருட்டோட எழுந்து, பின்னாடி கேரியர்ல சாப்பாட்டு டப்பாவ கட்டிக்கிட்டு செம்மண் ரோட்டுல மிதிச்சு பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் பதியற இடம்) போற வெளிக்காட்டு வேலை அக்காவுக்கு ஒரு காசு இல்ல. வரி கட்டறவனுக்குத்தான் வரிக்கழிவு உதவும், அது அப்படித்தான் இருக்கும், ஆனா சைக்கிள ஊக்குவிக்கணும்னு நெனச்சா அந்த வழியில நெனச்சா போதாது. பெட்ரோலப் பாருங்க, 2025 செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்ச பூடி95 பெட்ரோல் மானியத் திட்டத்துல குடியுரிமை உள்ளவங்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் குடுத்தாங்க, மோட்டர்ல வர்றவனுக்கு ஒவ்வொரு லிட்டர்லயும் அரசாங்கம் கொஞ்சம் போடுது. சைக்கிள் மிதிக்கறவங்களுக்கு அந்தப் பங்கு எந்த வழியிலயும் வர்றதில்ல. அதனாலதான் அடிப்படைச் சம்பளம் வாங்கறவங்க வரிய விட்டுட்டு முதலாளி குடுக்கறது, சொக்சோ குடுக்கறது ரெண்டையும் கெட்டியா பிடிச்சுக்கணும்னு சொல்றேன்.

கம்பெனி சைக்கிள் குடுத்தாலோ அலவன்ஸ் குடுத்தாலோ அதுக்கு வரியா?

எதுக்குக் குடுக்கறாங்கங்கறதப் பொறுத்து மாறும்.

வேலை விஷயமா சுத்தறதுக்கு, அதாவது ஒரு டிவிஷன்ல இருந்து இன்னொரு டிவிஷனுக்கு, காட்டுக்கும் ஆபீஸுக்கும் போய் வர்றதுக்கு பயண அலவன்ஸ் குடுத்தா வருஷத்துக்கு 6,000 வெள்ளி வரைக்கும் வரி இல்ல. தோட்டத்துல வேலைய மேற்பார்வை பாக்கற மண்டோருங்க, கண்டக்டருங்க இதுல வருவாங்க. வீட்ல இருந்து வேலைக்கு வர்றதுக்குன்னு குடுத்தா அது சம்பளத்தோட சேந்துடும், மேல சொன்ன மாதிரி 2010க்கு அப்புறம் அதுக்கு விலக்கு இல்ல. கம்பெனியே லாரி, வேன் விட்டு வீட்டுப் பக்கம் இருந்து ஏத்திக்கிட்டுப் போனா தொழிலாளிக்கு அதுக்கு வரி கிடையாது.

சைக்கிளயே சும்மா பரிசாக் குடுத்தா அதோட விலை உங்க வருமானம்தான். ஆனா ஒரே முதலாளிகிட்ட 10 வருஷத்துக்கு மேல வேலை செஞ்சதுக்கு நீண்ட நாள் சேவை விருது, இல்லன்னா சிறந்த சேவை விருதுன்னு குடுத்தா வருஷத்துக்கு 2,000 வெள்ளி வரைக்கும் வரி இல்ல, காசாவும் இருக்கலாம் பொருளாவும் இருக்கலாம். பத்து இருபது வருஷம் உழைச்சவருக்கு சுவர்ல மாட்டற கடிகாரம் குடுக்கறதுக்கு பதிலா நல்ல சைக்கிளா ஒண்ணு குடுக்கச் சொல்லி ஆபீஸ் கெராணிகிட்ட பேசிப் பாருங்க.

நான் சொந்தமா தொழில் பண்றேன், சைக்கிள்லதான் ரொட்டி விக்கறேன்.

உங்க கதை வேற. தொழிலுக்கு வச்சிருக்கற சைக்கிள் தொழில் சாமான், 2,000 வெள்ளிக்கு மேல போகாத சாமானா இருந்தா அந்த வருஷமே முழு விலையையும் தொழில் வருமானத்துல கழிச்சுக்கலாம். உங்களுக்கு சம்பளக்காரங்க ரொப்பற பாரம் பிஈ இல்ல, தொழில் பண்றவங்க ரொப்பற பாரம் பி.

வேலைக்குப் போற வழியில சைக்கிள்ல விழுந்துட்டா சொக்சோ குடுக்குமா? மோட்டருக்கு மட்டும்தான்னு சொல்றாங்களே.

மோட்டருக்கு மட்டும்னு எங்கயும் இல்ல. 1969 சொக்சோ சட்டம் 24வது பிரிவு வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவுல போற வழியில நடக்கற விபத்த வேலை விபத்தாத்தான் எடுத்துக்குது, வேலை விஷயமா போற வழியும் சேரும், அனுமதிச்ச சாப்பாட்டு நேரத்துல சாப்பிடப் போற வழியும் சேரும். சைக்கிளா, நடையா, பஸ்ஸாங்கறது கணக்கு இல்ல.

கணக்கு என்னன்னா வழி. நேரா போற வழியில இருந்து சொந்த வேலையா விலகக் கூடாது, நடுவுல நிறுத்தி வேற வேலைக்குப் போகக் கூடாது. வேலை முடிஞ்சு பசார் பக்கம் திரும்பி மீன் வாங்கிக்கிட்டு வர்றப்ப விழுந்தா அத வேலை விபத்துன்னு எடுத்துக்கறதுல பிரச்சினை வரும். சாமான் வாங்கணும்னா வீட்டுக்கு வந்துட்டு அப்புறமா போங்க, கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா குடும்பத்துக்கு அதுல ஒரு பாதுகாப்பு இருக்கு.

என்ன கிடைக்கும்னா வைத்தியச் செலவு, அரசாங்க ஆஸ்பத்திரியிலயோ சொக்சோ பேனல் கிளினிக்குலயோ. எம்சி (டாக்டர் குடுக்கற மருத்துவ விடுப்பு) 4 நாளுக்குக் குறையாம இருந்தா அந்த நாளுங்களுக்கு சராசரி நாள் சம்பளத்துல 80 சதவீதம். கை கால் நிரந்தரமா போச்சுன்னா அதுக்குத் தனியா, உயிர் போனா குடும்பத்துக்கு மாசா மாசம். 54 வெள்ளி வரிக் கழிவையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எது பெருசுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா செய்ய வேண்டியத உடனே செய்யணும். நம்மாளுங்க செய்யற தப்பு, சைக்கிள்ல விழுந்ததுக்குப் போய் போலீஸ் ரிப்போர்ட்டான்னு வெக்கப்பட்டுக்கிட்டு தைலத்தத் தேய்ச்சு வீட்லயே படுத்துக்கறது, ஒரு வாரம் கழிச்சு முட்டி வீங்கினதும் ஓடறது. அப்ப எந்த நாள் எந்த இடத்துல நடந்துச்சுன்னு காட்ட கையில ஒரு கடுதாசியும் இருக்காது. அன்னிக்கே கிளினிக் போங்க, வேலைக்குப் போற வழியில நடந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, போலீஸ் ரிப்போர்ட் போடுங்க, முதலாளிகிட்ட சொல்லுங்க, ஏன்னா அவரு 48 மணி நேரத்துக்குள்ள சொக்சோவுக்குத் தெரிவிக்கணும். அன்னிக்கு நீங்க வேலையில இருந்த பதிவு, வீட்ல இருந்து வேலைக்குப் போற வழியக் காட்டற ஒரு படம், விழுந்த இடத்துல ஒரு புள்ளி, இதையும் கேப்பாங்க, கையால வரைஞ்சாலும் போதும். ரப்பர் காட்டு வழி, பாலம், கோயில், லயம் (தொழிலாளிங்க வீட்டு வரிசை)னு அடையாளம் போட்டு வரைங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கம் சூரியன் உதிக்க 7 மணி ஆயிடும், பெரட்டுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே போகணும். முன்னாடி வெள்ளை விளக்கும் பின்னாடி சிவப்பு விளக்கும் இல்லாம அந்த மண் லாரி, குலை லாரி ஓடற ரோட்டுல போகாதீங்க. கையெடுத்துக் கேக்கறேன். யூஎஸ்பில சார்ஜ் பண்ற சின்ன விளக்கு விலை அதிகம் இல்ல.

எங்க எஸ்டேட்ல வங்காளதேசத்துத் தம்பிங்கதான் நிறைய சைக்கிள் ஓட்டறாங்க, அவங்களுக்கும் சொக்சோ உண்டா?

உண்டு. 2019 ஜனவரி 1ல இருந்து முறையான பெர்மிட்டுல வேலை செய்யற வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கும் வேலை விபத்துத் திட்டம் இருக்கு, வழியில நடக்கற விபத்தும் அதுல சேரும். அவங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்றதில்ல, மொழியும் தெரியாது, பக்கத்து லயத்துல இருக்கற நாமதான் சொல்லணும்.

யூனியன் மூலமா சைக்கிளுக்கு ஏதாவது கேட்டு வாங்க முடியுமா?

கேக்கலாம், கேக்கணும். தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ல இருந்து இருக்கு, தோட்ட முதலாளிங்க சங்கமான மாப்பாவோட போடற கூட்டு ஒப்பந்தத்துலதான் தோட்டத்துச் சம்பளமும் சலுகையும் முடிவாகுது. சைக்கிளுக்குன்னு கேக்க பெரிய காசு வேணாம். மழை படாத, பூட்டி வைக்கற கொட்டகை ஒண்ணு. விளக்கும் பிரேக் கட்டையும் வருஷத்துக்கு ஒரு தடவ கம்பெனி செலவுல. சைக்கிள் வாங்க வட்டியில்லாத முன்பணம், மாசா மாசம் கொஞ்சமா பிடிச்சுக்கற மாதிரி, இது எழுத்துல இருக்கணும், உங்க சம்மதம் இல்லாம சம்பளத்துல கை வைக்கக் கூடாது. அப்புறம் சைக்கிள்ல வர்றவங்களுக்கு மாசம் ஒரு சின்ன அலவன்ஸ். அடிப்படைச் சம்பளக்காரங்களுக்கு அந்த அலவன்ஸ் வருமானத்துல சேந்தாலும் வரி வரப் போறதில்ல, மேல போட்ட கணக்கப் பாருங்க, அதனால குடுக்கற காசு முழுசா கையில நிக்கும். பேச்சுவார்த்தையில இந்தக் கணக்க எடுத்து வைங்க.

நம்ம பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்லதான் 1917ல இந்த நாட்டுலயே முதல்முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல செம்பனைக் காசு இந்த மண்ணுல இருந்துதான் போயிருக்கு, சைக்கிளுக்கு ஒரு கொட்டகை கேக்கறது ஒண்ணும் அதிகம் இல்ல.

பாரம் எப்ப அனுப்பணும், ரெசிட்ட எவ்வளவு நாள் வச்சிருக்கணும்?

சம்பளக்காரங்களுக்கு பாரம் பிஈ, ஏப்ரல் 30 கடைசி நாள், வரி வாரியத்தோட மைடேக்ஸ் தளத்துல ஆன்லைன்ல அனுப்பினா வழக்கமா மே 15 வரைக்கும் விடுவாங்க. தொழில் பண்றவங்களுக்கு பாரம் பி, ஜூன் 30. போன வருஷம் வாங்கின சைக்கிள் போன வருஷக் கணக்குலதான் வரும், இந்த வருஷத்துக்குத் தள்ள முடியாது. ரெசிட்ட பாரத்தோட அனுப்ப வேண்டாம், ஆனா 7 வருஷம் வச்சிருக்கணும், கூப்பிட்டுக் கேட்டா காட்டணும். ரெசிட்டு இல்லாம தெரிஞ்சவங்ககிட்ட வாங்கின பழைய சைக்கிள கிளைம்ல போடாதீங்க. கடையில குடுக்கற சின்ன ரெசிட்டு சீக்கிரம் மங்கிடும், வாங்கின அன்னிக்கே கடைப் பேரு, தேதி, விலை தெளிவா தெரியற மாதிரி போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க.